தைத் திருநாளின் இரு மரபுகள்

தமிழகத்தை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மிடம் அண்டை வீட்டார் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “எங்கள் சங்கராந்திதானே உங்கள் பொங்கல்?” ஆம் என்றாலும் இல்லை என்றாலும் பாதி விடையே கூறியவராவோம். பொங்கலுக்குரிய நாள் பாரத நாட்டின் பொதுவுடைமை. பானையிற் பொங்கும் படையலோ தமிழ் மரபு. இவ்விரண்டின் வரலாற்றையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

முதற்கண் நாளைக் காண்போம். ஞாயிறு மகர ராசியிற் புகுவதையொட்டியே தைத் திங்கள் பிறக்கிறது. பஞ்சாபியர் லோரித் தீ மூட்டுவதும், மராத்தியர் எள்ளும் வெல்லமும் வழங்குவதும், அசாமியர் போகாலி பிஹு கொண்டாடுவதும் இதனையொட்டியே. திங்களின் வளர்ச்சி தேய்வைப் பின்பற்றும் தீபாவளி ஆண்டுதோறும் இடம்பெயர, பொங்கல் சனவரி 14 அல்லது 15-இல் நிற்பது இதனாலேயே. எனினும் அதுவும் நிலையான தேதியன்று. விண்மீன்களை ஒட்டிக் கணிக்கும் ஆண்டு, ஆங்கில ஆண்டினும் சிறிது நீண்டது. ஆதலால் ஏறத்தாழ 72 ஆண்டுகளில் ஒரு நாள் தள்ளிப்போகும். சுவாமி விவேகானந்தர் 1863-இல் மகர சங்கராந்தியன்று பிறந்தார். அன்று சனவரி 12. ஞாயிறு வடக்கே திரும்புவதும் மகரத்திற் புகுவதும் ஒருங்கே நிகழ்ந்தது சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பாகும். இன்று ஞாயிறு திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இலேயே. 1957 மார்ச் 22-இல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டியும் டிசம்பர் 22-ஐயே பௌஷ மாதத்தின் முதல் நாளாகக் கொண்டது.

இனி, படையலைக் காண்போம். நற்றிணையும் பரிபாடலும் தைத் திங்களில் மகளிர் நீராடிய வழக்கைக் கூறுகின்றன. பொங்கல் படைத்த செய்தி சிலப்பதிகாரத்தில் வருகிறது. ஆனால் அது தைத் திங்களில் அன்று, புகார் நகரின் இந்திர விழாவில், காவற்பூதத்தின் பீடத்தில். தெய்வத்திற்குப் பொங்கலிடும் வழக்கம் ஒரு நாளுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும். திருவனந்தபுரத்து ஆற்றுக்கால் பகவதிக்கு மாசியில் மகளிர் பொங்காலையிடுவதைக் கேரளத்தில் வாழும் நம்மவர் கண்டிருப்பர். சம்பா நெல் களஞ்சேரும் தையில் புத்தரிசியும் ஞாயிற்று வழிபாடும் அத்தொன்மையான படையலும் ஒன்றுகூடின. அதுவே நம் பொங்கல்.

வயலையும் மாட்டையும் காணாது அடுக்கு வீடுகளில் வளரும் நம் சிறார், பொங்கலை ஓர் இனிப்புச் சோறென்று மட்டுமே அறியும் நிலை நேர்ந்துள்ளது. ஆகவே, அண்டை வீட்டிற்குப் பொங்கலை அச்சிறார் கையிலேயே கொடுத்தனுப்புவோம். நாள் நம் இரு வீட்டிற்கும் பொது, பால் பொங்குகையில் “பொங்கலோ பொங்கல்” என்று கூவுவது எங்கள் வீட்டு வழக்கம் என்று, கேட்பவரின் மொழியிலேயே அவர்கள் விடை கூறட்டும்.