லயத்து அறையில் ஒரு நூதனசாலை

பதுளைக்குத் தென்கிழக்கே, 2036 மீற்றர் உயரத்தில், ஒன்பது சிகரங்களோடு நிமிர்ந்து நிற்கிறது நமுனுகுல மலை. ஊவாத் தேயிலையின் தனி மணத்துக்கு ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் வறண்ட காற்றே காரணம் என்று தேயிலை நூல்கள் விரித்துரைக்கும். கொழுந்தைக் கிள்ளிய கைகளைப் பற்றி அவை பேசுவது சொற்பமே.

கண்டிக்கு அருகே ஹந்தானையில், 1925இல் எழுந்த தொழிற்சாலை ஒன்று 2001ஆம் ஆண்டு தேயிலை நூதனசாலையாயிற்று. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் பழைய இயந்திரங்களும் அங்கே உள்ளன. காணத் தகுந்த இடந்தான். ஆயினும் அந்த இயந்திரங்களுக்குக் கொழுந்து சுமந்து வந்தவர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறிய, கம்பளைக்கு அருகிலுள்ள பரதெக்கவுக்குச் செல்லல் வேண்டும். அங்கே ஓல்ட் பீகொக் தோட்டத்தின் பழைய லயன் அறைகளையே, சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக்கியது. சமையற் பாத்திரங்கள், வேலைக் கருவிகள், இசைக் கருவிகள், பழைய ஆவணங்கள் எனத் தோட்ட மக்களின் வாழ்க்கையோடு கலந்திருந்தவையே அங்குள்ள காட்சிப்பொருள்கள். அரசர் வாளும் மணிமுடியும் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது முதலில் வியப்பாகவே இருக்கும்.

பழந்தாள்களைப் பேணுவது பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் மலைநாட்டின் கதையை அறியாதவர். ஒருகாலத்தில் 'துண்டு' என்னும் சிறு சீட்டு, தொழிலாளியின் கடனைக் குறித்து, அவன் தோட்டம் விட்டுத் தோட்டம் போவதையே கட்டுப்படுத்தியது. 1921இலேதான் அம்முறை ஒழிந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டுச் சட்டத்தின்படி உரிமை கோரியவருள் பலர், இங்கே வாழ்ந்தமைக்கு எழுத்துச் சான்று காட்ட இயலாமையால் நிராகரிக்கப்பட்டனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமோ 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பிறந்த ஊருக்குச் சாட்சி கேட்கப்பட்ட சமூகம் இது. அதன் கையில் ஒரு தாள் என்பது வெறுந்தாள் அன்று.

தாளில் ஏறாத வரலாறும் உண்டு. மாசி மாதத்தில் தப்பு முழங்கக் கம்பம் நட்டு, ரதி மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தில், தமிழகத்துக் கிராமங்களின் நினைவு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறது. பயிற்றுவிக்கும் முதியவர் மறைந்தால் எந்த நூதனசாலையும் அதனை மீட்டுத் தர இயலாது.

2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் காட்டு வழியே நடந்து, நோயாலும் பசியாலும் பலர் மாண்ட பாதை அது. ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் நிறைவுற்றது. ஏட்டில் வாசித்ததைக் காலால் அளந்தார்கள் அவர்கள்.

இனி நமுனுகுலச் சரிவுகளுக்குத் திரும்புவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளில் ஒரு குடும்பம் முழுதும் ஒடுங்கிக் கிடந்த லயங்கள் இடிக்கப்பட வேண்டியவையே. தனி வீடு இம்மக்களின் நெடுநாள் உரிமைக் கோரிக்கை. ஆனால் புதுவீட்டுக்குப் பொருள்களை மாற்றும் நாளில், பரணிலிருந்து இறக்கப்படும் துருப்பிடித்த தகரப் பெட்டி பெரும்பாலும் குப்பைக்கே போகிறது. பாட்டனாரின் கடவுச்சீட்டும், பாட்டியின் பிறப்புப் பதிவும், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தின் நகலும் இருப்பது அந்தப் பெட்டிக்குள்ளேதான்.