வெற்றிடமும் ஒரு தகவல்தான்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

வரைபடத்தில் புள்ளி வைப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. நோய் வந்த வீடு, குண்டு விழுந்த இடம், மரம் முளைத்த இடம் என்று எதையும் புள்ளியாகக் குறிக்கலாம். குறித்தபின் அந்தப் புள்ளிகள் என்ன சொல்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். அதற்கு ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆயின.

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. மருத்துவர் ஜான் ஸ்னோ வீடு வீடாக விசாரித்தார். பிராட் தெரு அடிகுழாயின் மேல் சந்தேகம் விழுந்தது. செப்டம்பர் 8 அன்று அதன் கைப்பிடியைக் கழற்றினார்கள். புகழ்பெற்ற அந்த வரைபடம் அச்சானது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு சிறு கறுப்புக் கோடு. ஒரே வீட்டில் பலர் இறந்திருந்தால் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்.

எல்லோரும் அந்தக் கறுப்புக் கோடுகளைப் பற்றியே பேசுகிறோம். கோடுகள் இல்லாத இடங்களைப் பாருங்கள். பக்கத்தில் இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் தங்கியிருந்தார்கள். இறந்தது 5 பேர். அங்கே தனிக் கிணறு இருந்தது. அதே தெருவில் ஒரு பீர் ஆலை. 70 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். காலராவில் ஒருவரும் சாகவில்லை. அவர்களுக்கு பீர் கிடைத்தது, ஆலைக்குள் கிணறும் இருந்தது. சுற்றிலும் சாவு, நடுவில் வெற்றிடம். குழாய்த் தண்ணீர்தான் காரணம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? ஸ்னோ அங்கே போய் விசாரித்ததால்தான் அது சாட்சி ஆயிற்று. போகாமல் விட்டிருந்தால் அது வெறும் தெரியாத இடம்.

அடுத்த கதையும் லண்டனில்தான். 1944இல் ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகள் விழுந்தன. சில பகுதிகளில் குண்டுகள் கொத்துக் கொத்தாக விழுவதாக மக்கள் பேசிக்கொண்டார்கள். குறிவைத்து அடிக்கிறார்களா? ஆர். டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்கியலாளர் 1946இல் ஒரு சிறு குறிப்பு எழுதினார். தெற்கு லண்டனில் 144 சதுர கிலோமீட்டரை எடுத்து, கால் சதுர கிலோமீட்டர் கட்டங்களாக 576 துண்டுகள் போட்டார். விழுந்த குண்டுகள் 537. குண்டே விழாத கட்டங்கள் 229. ஒன்று விழுந்தவை 211. இரண்டு விழுந்தவை 93. முழுக்க தற்செயலாக விழுந்திருந்தால் பாய்சான் பரவலின்படி எத்தனை வரவேண்டும்? ஏறக்குறைய 227, 211, 99. கண்ணுக்குக் கொத்தாகத் தெரிந்தது வெறும் தற்செயல்தான்.

வகுப்பில் நான் இதை நடத்தும்போது, ஒரு தாளில் மனம்போனபடி 50 புள்ளிகள் வையுங்கள் என்பேன். பிள்ளைகள் இடம்விட்டு இடம்விட்டு, கோலப்புள்ளி மாதிரி வைப்பார்கள். உண்மையான தற்செயல் அப்படி இருக்காது. அதில் கொத்தும் இருக்கும், பெரிய வெற்றிடமும் இருக்கும்.

கிளார்க்கின் முறையில் ஒரு குறை உண்டு. கட்டத்துக்குள் குண்டு எங்கே விழுந்தது என்பது தொலைந்துபோகும். 1970களில் பிரிட்டனின் பிரையன் ரிப்ளி வேறு வழி காட்டினார். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வட்டம் போடுங்கள். உள்ளே வேறு எத்தனை புள்ளிகள் என்று எண்ணுங்கள். வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். தற்செயலாக இருந்தால் வரவேண்டிய எண்ணிக்கையைவிட அதிகமா, குறைவா என்று பாருங்கள். பழைய அடிமரங்களைச் சுற்றி முளைக்கும் கலிபோர்னியா செம்மர நாற்றுகளில் எண்ணிக்கை கூடும். நுண்ணோக்கியில் தெரியும் உயிரணுக்களின் நடுப்புள்ளிகளில் குறையும்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. ஓரத்தில் இருக்கும் மரத்தைச் சுற்றிய வட்டத்தில் பாதி, நாம் அளந்த நிலத்துக்கு வெளியே போய்விடும். அங்கே மரம் இல்லையா, அல்லது நாம் பார்க்கவில்லையா? இதற்குத் திருத்தம் செய்ய வேண்டுமானால் நிலத்தின் எல்லை தெரிய வேண்டும்.

இந்தப் பாடத்தை ஒரு மென்பொருள் தன் அடித்தளத்திலேயே வைத்துக்கொண்டது. ஆர் என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளுக்கு ஸ்பாட்ஸ்டாட் என்றொரு தொகுப்பு உண்டு. ஆஸ்திரேலியாவின் ஏட்ரியன் பேட்லியும் கனடாவின் ரால்ஃப் டர்னரும் உருவாக்கி, 2005இல் அதைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார்கள். சாதாரணமாக நாம் என்ன செய்வோம்? கிழக்கு-மேற்குக்கு ஒரு பத்தி, வடக்கு-தெற்குக்கு ஒரு பத்தி என்று அட்டவணை போட்டு முடித்துவிடுவோம். ஸ்பாட்ஸ்டாட்டில் அது மட்டும் போதாது. ஒவ்வொரு புள்ளித் தொகுப்போடும், எந்தப் பரப்பைப் பார்த்தோம் என்ற எல்லையும் சேர்ந்தே இருக்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சாளரம்’. செவ்வகமாக இருக்கலாம்; மாவட்ட எல்லை மாதிரி கோணல்மாணலாக இருக்கலாம்; நடுவே ஏரி இருந்தால் அந்த ஓட்டையும் விடலாம். சாளரத்துக்கு வெளியே விழும் புள்ளியைத் தனியே ஒதுக்கி எச்சரிக்கும். ஒரே இடத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தாலும் எச்சரிக்கும். ஸ்னோ அடுக்கிய கோடுகள் நினைவுக்கு வருகின்றன அல்லவா? மரத்தின் பருமன், நோயின் வகை போன்ற குறிப்புகளையும் புள்ளியோடு கட்டி வைக்கலாம்.

எல்லை தெரிந்தாலும் மக்கள்தொகை ஒரு கேள்வி. ஆள் அதிகமான இடத்தில் நோயாளியும் அதிகம்தானே? இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு பழைய எரிஉலை அருகே குரல்வளைப் புற்றுநோய் கூடுதலா என்று பீட்டர் டிகிள் 1990இல் ஆராய்ந்தார். 1974 முதல் 1983 வரை 58 நோயாளிகள். மக்கள் எங்கே வாழ்கிறார்கள் என்பதற்கு அளவுகோலாக, அதே பகுதியின் 978 நுரையீரல் புற்றுநோயாளிகளின் இருப்பிடங்களைப் பக்கத்தில் வைத்தார். உலை அருகே மிகை இருப்பதாகக் கணக்கு காட்டியது. ஆனால் அந்த முடிவு மிகச் சில நோயாளிகளையே நம்பி நின்றது. இந்தத் தரவும் ஸ்பாட்ஸ்டாட்டில் இருக்கிறது. யாரும் இறக்கிக்கொண்டு சரிபார்க்கலாம்.

டெங்கு என்றோ புற்றுநோய் என்றோ சிவப்புப் புள்ளி வைத்த வரைபடம் உங்கள் கைப்பேசிக்கும் வரும். பயப்படுவதற்கு முன்னும் நிம்மதி அடைவதற்கு முன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த எல்லைக்குள் தேடினார்கள்? அங்கே எத்தனை பேர் வாழ்கிறார்கள்? புள்ளி இல்லாத தெருவில் நோய் இல்லாமல் இருக்கலாம். கணக்கெடுக்க யாரும் போகாமலும் இருக்கலாம்.

பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. பெரிய தாளில் கட்டம் போட்டு, ஒரு பிடி துவரம்பருப்பைத் தூவச் சொல்லுங்கள். காலியான கட்டம் எத்தனை, ஒன்று விழுந்தது எத்தனை என்று பிள்ளைகளே எண்ணட்டும். பாய்சான் பரவலை அதன் பிறகு கரும்பலகையில் எழுதுங்கள்.