குடலுக்காகப் பிறந்த கிளிப்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த உம்மம்மா சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்தால், சொந்தக்காரர் கேட்பது "எத்தனை தையல்?" என்றுதான். காயத்தை மூடியிருப்பது நூலா, உலோகக் கிளிப்பா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

கிளிப் தோலுக்காகப் பிறந்ததல்ல, குடலுக்காக. பண்டைய இந்திய மருத்துவர் சுஸ்ருதர், கிழிந்த குடலின் ஓரங்களைக் கறுப்பெறும்பைக் கடிக்கவைத்து இணைக்கச் சொன்னார். 1013இல் மறைந்த குர்துபா நாட்டு மருத்துவ மேதை அஸ்-ஸஹ்ராவியும், 30 பாகங்கள் கொண்ட தம் அத்-தஸ்ரீஃப் நூலில் அந்த எறும்பு முறையைக் குறிப்பிடுகிறார். விலங்குக் குடலில் திரித்த நூலால் உள்ளே தைப்பதையும் அவரே எழுதிவைத்தார். நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய பெயர் இது.

எறும்பின் வேலையை இரும்புக்குக் கொடுத்தவர் ஹங்கேரிய மருத்துவர் ஹூமேர் ஹுல்ட்ல். இரைப்பையை வெட்டும்போது உள்ளிருப்பது வயிற்றுக்குள் சிந்தினால், அன்டிபயோட்டிக் இல்லாத அந்தக் காலத்தில் நோயாளி தப்புவது அரிது. அதற்காக 1908இல், வெட்டும் இடத்தின் இருபுறமும் கம்பிகளை வரிசையாக இறுக்கும் கருவியைப் பயன்படுத்தினார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். அவர் நாட்டவரான அலடார் பெட்ஸ் பிறகு அதை இலகுவாக்கினார். சோவியத் மருத்துவர்கள் வளர்த்தெடுத்தார்கள். 1958இல் அங்கு போன அமெரிக்க மருத்துவர் மார்க் ராவிச் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். அதன் பின்னரே அது தோலுக்கும் பரவியது. நீண்ட காயத்தையும் சில நிமிடங்களில் மூடிவிடலாம் என்பதால் மருத்துவர்களுக்குப் பிடித்துப்போனது.

ஆனால் வேகம் ஒன்று, ஆறுவது இன்னொன்று. 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. எலும்புச் சத்திரசிகிச்சைக் காயங்கள் 683 அதில் ஒப்பிடப்பட்டன. நூலால் தைத்தவற்றைவிடக் கிளிப் போட்டவற்றில் தொற்று மூன்று மடங்குக்கு மேல். இடுப்பை மட்டும் பார்த்தால் நான்கு மடங்குக்கு மேல். அதில் சேர்ந்த ஆய்வுகள் சிறியவை, தரமும் போதாது என்று எழுதியவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆகவே கிளிப் போட்டாலே சீழ் பிடிக்கும் என்று பயப்படத் தேவையில்லை. என்றாலும், நீரிழிவோடு படுத்திருக்கும் ஒரு முதியவரின் இடுப்புக்கு நூலே மேல் என்பது என் எண்ணம்.

சத்திரசிகிச்சைக்கு முன்பே டொக்டரிடம் கேளுங்கள்: "சேர், நூலால் தைக்கலாமா?" கிளிப்தான் போட்டிருந்தால், அதைக் கழற்றத் தனிக் கருவி உண்டு; வீட்டில் பிடுங்காதீர்கள். காயம் சிவந்தாலோ கசிந்தாலோ கிளினிக் திகதி வரும்வரை காத்திராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள்.