நீர் வடியும் வரை

பல்லாவரத்துக்கு மேற்கே, ஏரிகளின் நடுவே எழுந்து நிற்கும் திருநீர்மலை, நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்று என்பதோடு, எம்பெருமான் நான்கு திருக்கோலங்களிலும் ஒருங்கே ஸேவை சாதிக்கும் க்ஷேத்திரம் என்ற பெருமையும் உடையது. அடிவாரத்தில் நீர்வண்ணனாக நின்றும், மலைமேல் நரசிம்மனாக இருந்தும், அரங்கநாதனாகக் கிடந்தும், உலகளந்தானாக நடந்தும் அருளும் அவனைத் தரிசித்து இறங்கும் போதெல்லாம், நிற்றல், இருத்தல், கிடத்தல், நடத்தல் என்னும் இந்த நான்கையுமே சீன தேசத்துச் சாதகர்களும் சீகோங் என்னும் தங்கள் மூச்சுப் பயிற்சிக்குரிய நிலைகளாகக் கொண்டிருப்பது என் நினைவுக்கு வருகிறது. அசைவின்மையும் அசைவும் அங்கும் இங்கும் ஒரே சாதனையின் இரு முகங்கள்.

அசையாதிருக்க ஸங்கல்பித்து அமர்ந்தவனுடைய தோளும் தலையும் தாமாகவே ஆடத் தொடங்கினால், அவன் என்ன செய்வது? கேள்வி மிகப் பழையது. பதஞ்ஜலி முனிவர் யோக சூத்திரத்தின் ஸமாதி பாதத்தில், சித்தம் சிதறும்போது உடன் தோன்றுவனவற்றைச் சொல்லுகையில், துக்கம், மனச்சோர்வு, சீரற்ற சுவாசம் இவற்றோடு ‘அங்கமேஜயத்வம்’ என்று உறுப்பு நடுக்கத்தையும் சேர்த்து, ஒரே தத்துவத்தைப் பற்றிய அப்பியாசத்தைப் பரிகாரமாக விதித்தார். ஆசனம் ஸ்திரமாகவும் சுகமாகவும் அமைவதற்கு அவர் காட்டிய வழியோ, உடலை இறுக்குவதன்று, முயற்சியைத் தளர்த்துவது.

பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்வாத்மாராமர் இயற்றிய ஹடயோக பிரதீபிகை இதை வேறு கண்கொண்டு நோக்கிற்று. பிராணாயாமத்தின் முதற்படியில் வியர்வை, இடைப்படியில் நடுக்கம், உயர்படியில் நிலைபேறு என்று வகுத்த அந்நூல், வியர்வையை உடம்பிலேயே தேய்த்துக்கொண்டால் உறுதியும் இலேசும் உண்டாகும் என்றது. சிவ சம்ஹிதையோ நடுக்கத்துக்கு அடுத்துத் தவளைபோலத் துள்ளும் நிலையையும் கூறிற்று. பதஞ்ஜலிக்கு இடையூறாகத் தோன்றியது, ஹடயோகிகளுக்கு வழியிடைச் சத்திரமாயிற்று. ஆயினும் சத்திரத்தையே ஊராக எண்ணித் தங்கிவிட இருவரும் இசையவில்லை.

சீனத்தில் லியூ குய்ஜென் என்பவர் 1957-இல் சீகோங் சிகிச்சையைப் பற்றி நூல் வெளியிட்டு, படுத்தும் அமர்ந்தும், அமைதி தரும் சொற்களைச் சுவாசத்தோடு மௌனமாக எண்ணியும் செய்யும் பயிற்சியைப் பரப்பினார். 1980-இல் பெய்ஜிங்கில் ஜாவோ ஜின்ஷியாங் கற்பித்த நாரைப் பயிற்சியிலோ, அசையாது நிற்கும் பகுதியில் உடல் தானே ஆடுவதற்கு இடங்கொடுக்கப்பட்டது. பூங்காக்களில் திரளானோர் அதைப் பயின்றனர். ஆட்டத்தை அடக்கத் தெரியாமல் மனங்கலங்கியோரும் இருந்தனர். பயிற்சியை முடிக்கும்போது கவனத்தைத் தொப்புளுக்குக் கீழே சேர்த்து நிறுத்தவேண்டும் என்ற பழைய விதியின் அருமை அப்பொழுது நன்கு விளங்கிற்று.

அவ்விதிக்குத் துணையாக ஒன்று நம் தாம்பரத்துக்குத் தெற்கே, கூடுவாஞ்சேரியில் 1911-ஆம் ஆண்டு நெசவாளர் குடும்பத்தில் தோன்றிய வேதாத்திரி மகரிஷியின் உபதேசத்திலும் உண்டு. 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவிய அவர், புருவமத்தியில் நினைவை நிறுத்தும் ஆக்கினைத் தவத்தோடு, அங்கே அழுத்தம் மிகும்போது உயிராற்றலை மூலாதாரத்துக்கு இறக்கிக்கொள்ளும் சாந்தி தவத்தையும் சேர்த்தே கற்பித்தார். ஏற்றத் தெரிந்தவனுக்கு இறக்கவும் தெரிந்திருக்கவேண்டும் என்ற இந்த விவேகத்தைக் கடல்கடந்த இரு மரபுகளும் கண்டடைந்தன என்பதே இச்சரித்திரத்தில் என்னை மிகவும் நெகிழ்விப்பது.

ஆகவே, உடல் ஆடினால் அஞ்சவேண்டாம். அதைச் சித்தி என்று கொண்டாடவும் வேண்டாம். விறைத்த முதுகைத் தளர்த்தி, வலிந்து அடக்கிய மூச்சை இயல்பாக விட்டு, கவனத்தைக் கீழே இறக்கி, அப்பொழுதும் அடங்காவிடில் கண் திறந்து மெல்ல நடக்கலாம். பயிற்சி முடிந்த பின்னும் நடுக்கம் தொடருமாயின் வைத்தியரிடம் காட்டுவதே முறை.

திருமங்கையாழ்வார் திருநீர்மலையை நாடி வந்தபோது சுற்றிலும் வெள்ளம் சூழ்ந்திருந்தது என்றும், ஆறு மாதம் தங்கி நீர் வடிந்த பின்னரே பெருமாளைச் சேவித்தார் என்றும் ஸ்தல புராணம் சொல்லும். அவர் வெள்ளத்தோடு போராடவில்லை. வந்த வழியே திரும்பவுமில்லை. கரையிலேயே தங்கியிருந்தார்.