மேற்கிலிருந்து கிழக்குக்கு



வசனத்தைக் கேட்டு, பொருளை உணர்ந்து, அதன் பின்னரே உடல் பணிகிறது என்று நாம் எண்ணுவதுண்டு. நான்காம் நூற்றாண்டின் எருசலேம் திருச்சபையோ சில காரியங்களை முதலில் உடலுக்கே கற்பித்தது.

கி.பி. 350 அளவில் அங்கே பேராயரானவர் சிரில். ஞானஸ்நானம் பெற ஆயத்தமானோருக்கு, உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் விசுவாசப் பிரமாணம் போதிக்கப்பட்டது. ஆனால் ஞானஸ்நானச் சடங்குகளின் பொருளும் திருவிருந்தின் பொருளும் அப்போது விளக்கப்படவில்லை. பண்டிகை இரவில் அவர்கள் மேற்கு நோக்கி நின்று, கையை நீட்டிச் சாத்தானை மறுதலித்தார்கள். இருளின் திசையாக மேற்கு கருதப்பட்டது. பின்பு கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிட்டார்கள். பழைய ஆடையைக் களைந்தார்கள். மும்முறை தண்ணீரில் மூழ்கி எழுந்தார்கள்.

அடுத்து வந்த வாரத்தில்தான், 335-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட பரிசுத்த கல்லறை ஆலயத்தில், அவற்றின் பொருள் எடுத்துரைக்கப்பட்டது. சிரிலின் பெயரால் வழங்கும் ஐந்து போதனைகள் இன்றும் கிடைக்கின்றன. மூன்று முழுக்குகளும் கிறிஸ்து கல்லறையிலிருந்த மூன்று நாட்களைக் குறிக்கும் என்று அங்கே விளக்கப்படுகிறது. அதைக் கேட்டவர்களுக்கு அது வெறும் செய்தியாயிருக்கவில்லை. அந்தத் தண்ணீரின் குளிர்ச்சியை அவர்கள் மேனி அறிந்திருந்தது.

ஐந்தாம் போதனை கைகளைப் பற்றிப் பேசுகிறது. இடக்கையை வலக்கைக்குச் சிங்காசனமாக வைத்து, ராஜாவை வரவேற்பதுபோல அப்பத்தை ஏற்கும்படியும், ஒரு துணுக்கையும் சிந்தாதிருக்கும்படியும் அது கற்பிக்கிறது.

திருவிருந்தில் நீங்களும் உள்ளங்கைமேல் உள்ளங்கை வைத்து ஏந்துகிறீர்கள் அல்லவா? உங்கள் அருகில் நிற்கும் குழந்தை, உங்கள் ஜெபத்தின் சொற்களை அறிவதற்கு முன்னே உங்கள் கைகளைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. முழங்கால் மடங்காத முதியோரே, நீங்கள் கலங்க வேண்டாம்; தாழ்த்திய தலையும் ஏந்திய கரமும் அதே பாடத்தைப் போதிக்கும்.

ஆயினும், ஞாயிறன்று சிங்காசனமான கை, திங்களன்று என்ன செய்கிறது? கூலியைக் குறைத்துக் கொடுக்கிறதா? வீட்டாரை நோக்கி ஓங்குகிறதா? ஜெபத்தில் விரிந்த கைகளில் இரத்தக்கறையைக் கண்டு கர்த்தர் தம் கண்களை மறைத்துக்கொண்டதை ஏசாயா முதலாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அன்று மேற்கை விட்டுக் கிழக்கே திரும்பியவர்கள் வாழ்நாளெல்லாம் அத்திசையிலேயே நடக்க வேண்டியிருந்தது. நமக்கும் அவ்வாறே.

இவ்வாரம் உங்கள் கைகளைக் கர்த்தர் காத்தருள்வாராக. ஆமென்.