முதல்முறை வாக்காளர்களும் அமெரிக்க முதனிலைத் தேர்தலும்

அமெரிக்காவில் ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை மட்டும் உட்கார்ந்து முடிவுசெய்துவிட முடியாது. பொதுத்தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்பே, மாநிலம் மாநிலமாக மக்கள் வாக்களித்து அதைத் தீர்மானிக்கிறார்கள். பிரைமரி எனப்படும் முதனிலைத் தேர்தலும், சில மாநிலங்களில் நடக்கும் காக்கஸ் என்ற வாக்காளர் கூட்டமும் இதற்கான வழிகள். பொதுத்தேர்தலோடு ஒப்பிட்டால் இவற்றில் கலந்துகொள்வோர் குறைவு. ஆகவே, இதுவரை வராத சில ஆயிரம் பேரை வரவழைத்துவிட்டால் முடிவே புரண்டுவிடும். பெரிய பெயரும் பணபலமும் இல்லாத வேட்பாளர்கள் புதியவர்களைத் தேடிப் போவது இதனால்தான்.

முதல்முறை வாக்காளர் என்றதும் பதினெட்டு வயது முகம்தான் மனதில் வரும். அது பாதிதான் உண்மை. நாற்பது ஆண்டுகளாகப் பொதுத்தேர்தலில் வாக்களித்துவிட்டு முதனிலைத் தேர்தலை எட்டிப் பார்க்காதவர்கள், அண்மையில் குடியுரிமை பெற்றவர்கள், நேற்றுவரை எதிர்க்கட்சியில் பதிவு செய்திருந்தவர்கள் எனப் பலரும் இந்தக் கணக்கில் அடங்குவர்.

இவர்களைப் பிரசாரக் குழுக்கள் ஒதுக்குவதற்கு ஒரு காரணம் உண்டு. யாருக்கு வாக்களித்தார் என்பது இரகசியம். ஆனால் எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தார் என்பது அமெரிக்க மாநிலங்களின் வாக்காளர் பதிவேடுகளில் இருக்கும். கட்சிகளும் வேட்பாளர்களும் அதைப் பெற்று, வழக்கமாக வருபவர்களின் பட்டியலைத் தயாரிக்கிறார்கள். தொலைபேசி அழைப்பு, கடிதம், வீட்டுக்கு வரும் தொண்டர் எல்லாம் அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான். வராதவரை யாரும் அழைப்பதில்லை. யாரும் அழைக்காததால் அவரும் வருவதில்லை. இந்த வட்டத்தை உடைத்த வேட்பாளர்களின் கதையே இக்கட்டுரை.

மழித்த தாடிகள், 1968

வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தபோது, பதவியில் இருந்த தன் கட்சி அதிபர் லிண்டன் ஜான்சனையே எதிர்த்துக் களமிறங்கினார் மின்னசோட்டா செனட்டர் யூஜின் மெக்கார்த்தி. கவிதை எழுதுபவர், மேடையில் முழங்கத் தெரியாதவர். ஆனாலும் போரை வெறுத்த கல்லூரி மாணவர்கள் பல மாநிலங்களிலிருந்து நியூ ஹாம்ப்ஷயரின் பனிக்குள் வந்து குவிந்தார்கள். அந்தச் சிறு மாநிலத்தின் பழமைவாதக் குடும்பங்கள் நீண்ட முடியையும் தாடியையும் கண்டால் கதவைச் சாத்திவிடும் என்பது பிரசாரக் குழுவுக்குத் தெரிந்திருந்தது. மாணவர்கள் முடியை வெட்டினார்கள், தாடியை மழித்தார்கள். பெண்கள் குட்டைப் பாவாடையை மாற்றிக்கொண்டார்கள். மழிக்க மனமில்லாதவர்களுக்கு உள்ளறையில் உறை ஒட்டும் வேலை கிடைத்தது.

மார்ச் 12 அன்று அங்கே நடந்த முதனிலைத் தேர்தலில் மெக்கார்த்திக்குச் சுமார் 42 சதவீதம் கிடைத்தது. ஜான்சன் முந்தினாலும், தோற்றவர் அவர்தான் என்று நாடு எடுத்துக்கொண்டது. நான்கே நாளில் ராபர்ட் கென்னடி போட்டியில் குதித்தார். மார்ச் 31 அன்று ஜான்சன் விலகினார். இதில் ஒரு முரண் இருக்கிறது. அன்று பெரும்பாலான மாநிலங்களில் வாக்குரிமை வயது 21. வீடு வீடாக ஏறி இறங்கிய மாணவர்களில் பலருக்கு வாக்கே கிடையாது. அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானவரோ, ஒரு முதனிலைத் தேர்தலிலும் போட்டியிடாத துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ப்ரி.

இரண்டு குறைகளும் அடுத்தடுத்துச் சரிசெய்யப்பட்டன. கட்சி தன் விதிகளைத் திருத்தியதால் முதனிலைத் தேர்தல்களுக்கு உண்மையான அதிகாரம் வந்தது. 1971 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த 26வது அரசியல் சட்டத் திருத்தம், வாக்குரிமை வயதை நாடு முழுவதும் 18 ஆக்கியது. புதிய விதிகளை வகுத்த குழுவுக்குத் தலைமை வகித்திருந்த ஜார்ஜ் மெக்கவர்ன் 1972இல் இளைஞர் பட்டாளத்தோடு வேட்பாளரானார். பொதுத்தேர்தலில் 50 மாநிலங்களில் 49ஐ இழந்தார். இளைஞர்களை நம்பினால் இதுதான் கதி என்று கட்சிப் பெரியவர்கள் சொல்லிக்கொள்ள அது வசதியாகிவிட்டது.

தேவாலயங்களின் வழியே

1984இலும் 1988இலும் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்ற பாதிரியார் ஜெஸ்ஸி ஜாக்சன், வாக்கு கேட்பதற்கு முன்பு வாக்காளர்களை உருவாக்கினார் என்றே சொல்லலாம். தென் மாநிலங்களின் கறுப்பினத் தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் பேசும்போது, இதுவரை வாக்காளராகப் பதிவு செய்யாதவர்களை எழுந்து முன்னே வரச் சொல்வார். அங்கேயே பதிவு நடக்கும். பேச்சின் சூடு ஆறுவதற்குள் படிவம் கைக்கு வந்துவிடும். 1984இல் சுமார் 33 லட்சமாக இருந்த அவருடைய வாக்குகள் 1988இல் சுமார் 69 லட்சமாயின.

அதே 1988இல் குடியரசுக் கட்சிப் பக்கம் தொலைக்காட்சி மதபோதகர் பாட் ராபர்ட்சன், ஐயோவாவில் துணை அதிபர் ஜார்ஜ் புஷ்ஷையே மூன்றாம் இடத்துக்குத் தள்ளி இரண்டாவதாக வந்தார். அவர் திரட்டியது, கட்சிக் கூட்டங்களின் பக்கமே வராத சுவிசேஷக் கிறித்தவர்களை. கொள்கையில் ஜாக்சனும் அவரும் இரு துருவங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே கூரையின் கீழ் கூடுபவர்கள் திங்கட்கிழமையும் ஒன்றாகப் புறப்படுவார்கள் என்ற கணக்கு மட்டும் இருவருக்கும் பொது.

ஐயோவா: தோல்வியும் வெற்றியும்

ஐயோவா காக்கஸுக்கு வருவது, சாவடிக்குப் போய் வாக்களித்துவிட்டு வருவதுபோல் எளிதாக இருந்ததில்லை. ஜனவரிக் குளிரில், இரவு ஏழு மணிக்குள் பள்ளி விளையாட்டுக் கூடத்துக்கோ தேவாலய மண்டபத்துக்கோ நூலகத்துக்கோ போய்ச் சேர வேண்டியிருந்தது. ஜனநாயகக் கட்சிக் கூட்டத்தில் அன்று இரகசிய வாக்கு கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. ஆதரிப்பவர்கள் அங்கே போய் நிற்க வேண்டியிருந்தது, தலைகள் எண்ணப்பட்டன. பெரும்பாலான இடங்களில் 15 சதவீதத்தைத் தொடாத அணி கலைய வேண்டியிருந்தது. கலைந்தவர்களைத் தங்கள் பக்கம் இழுக்க மற்ற அணியினர் சூழ்ந்துகொள்வார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் வகுப்பாசிரியரும் பார்த்துக்கொண்டிருக்க, எந்த மூலைக்குப் போவது என்று புதிதாக வந்தவர் தயங்கி நிற்பார். அவருக்கு அரசியலில் அக்கறை இல்லை என்பதல்ல சிக்கல். நாலு பேர் முன்னால் அசடு வழிய நேருமோ என்ற கூச்சம்.

2004இல் வெர்மான்ட் முன்னாள் ஆளுநர் ஹாவர்ட் டீன் இதைப் பிடிக்கத் தவறினார். ஈராக் போரை எதிர்த்த அவருக்கு இணையத்தில் பெரும் ஆதரவு இருந்தது. சிறு நன்கொடைகள் கொட்டின. கடைசி நாள்களில் வெளிமாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம் தொண்டர்கள் ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பியோடு ஐயோவாவில் வந்து இறங்கினார்கள். உற்சாகத்துக்குக் குறைவில்லை. ஆனால் கதவைத் திறந்த ஐயோவாக்காரருக்குத் தொப்பிக்காரர் அந்நியர். காக்கஸ் இரவில் கூட வந்து நிற்கப்போகிறவரும் அல்ல. 18 சதவீதத்தோடு டீன் மூன்றாம் இடம் பிடித்தார்.

நான்கு ஆண்டு கழித்து அதே மண்ணில் பராக் ஒபாமா வேறு வழியில் போனார். சிகாகோவில் அடிமட்ட அமைப்பாளராக இருந்தவர். 1992இல் அங்கே ஒரு பெரிய வாக்காளர் பதிவு இயக்கத்தை நடத்தியவர். கூட்டத்தைக் கட்டிப்போடும் அவருடைய பேச்சை உலகம் அறியும். அதைவிட முக்கியமான வேலை மேடைக்கு வெளியே நடந்தது. இருபதுகளில் இருந்த அமைப்பாளர்கள் 2007 முழுவதும் சிற்றூர்களில் போய்த் தங்கினார்கள். உள்ளூர் ஆட்களைத் தேடிப் பழகினார்கள். அவரவர் தொகுதிப் பொறுப்பை அவரவரிடமே ஒப்படைத்தார்கள். மதி, அதிகாரம் கொடு, சேர்த்துக்கொள் என்ற மூன்று சொற்களே அந்தப் பிரசார அலுவலகங்களின் தாரக மந்திரம்.

பயிற்சியும் தனி ரகம். செசார் சாவேஸின் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்து, பின்பு ஹார்வர்டில் ஆசிரியரான மார்ஷல் கான்ஸ் வகுத்த முறைப்படி தொண்டர் முகாம்கள் நடந்தன. வேட்பாளரின் கொள்கை அறிக்கையை ஒப்பிக்க வேண்டாம், நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள் என்ற சொந்தக் கதையைச் சொல்லுங்கள் என்பதே அதன் சாரம். ஒத்திகைக் காக்கஸ்களும் நடத்தப்பட்டன. எங்கே கையெழுத்துப் போடுவது, எந்த மூலையில் நிற்பது, எண்ணும்வரை ஏன் நகரக் கூடாது என்பதெல்லாம் முன்கூட்டியே பழகிப்போனது.

ஐயோவா விதிப்படி, நவம்பர் பொதுத்தேர்தலுக்குள் 18 வயதாகிவிடும் 17 வயதினரும் காக்கஸில் பங்கேற்கலாம். ஆகவே உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்று தனி அணியே அமைக்கப்பட்டது. காக்கஸ் நாளான 2008 ஜனவரி 3, கல்லூரி விடுமுறைக் காலத்தில் விழுந்தது. மாணவர் பலம் சிதறிவிடும் என்று எதிர் முகாம்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் பிரதிநிதி இடங்கள் முன்பே வரையறுக்கப்பட்டவை. ஒரே வளாகத்தில் ஆயிரம் மாணவர்கள் குவிந்தாலும் கூடுதல் இடம் கிடைக்காது. ஐயோவா மாணவர்கள் தத்தம் ஊர்களில் பரவி நின்றது ஒபாமாவுக்கு நன்மையாகவே முடிந்தது. குடியரசுக் கட்சிக்காரர்களும் அன்றிரவே வாசலில் கட்சிப் பதிவை மாற்றிக்கொண்டு உள்ளே வரலாம் என்பதையும் அவருடைய தொண்டர்கள் சொல்லத் தவறவில்லை.

ஒபாமாவை எதிர்த்துப் போட்டியிட்ட ஹிலாரி கிளின்டனின் குழுவும் முதல்முறை வருபவர்களைத் தேடியது, குறிப்பாக வயதான பெண்களை. வாசலில் பனி குவிந்துவிட்டால் அவர்களால் வெளியே வர முடியாதே என்று பனி அள்ளும் மண்வெட்டிகளைக்கூட வாங்கிக் கொடுத்தது.

தேர்தலுக்குச் சில நாள் முன்பு டெ மொயின் ரெஜிஸ்டர் நாளிதழின் கருத்துக்கணிப்பு வெளியானது. நடத்தியவர் ஆன் செல்சர். ஒபாமா 32, கிளின்டன் 25. வரப்போகிறவர்களில் 60 சதவீதத்தினர் முதல்முறை வருபவர்கள் என்றது கணிப்பு. அத்தனை புதியவர்கள் எங்கே வரப்போகிறார்கள் என்று எதிர் முகாம்கள் அதை ஏற்க மறுத்தன. முந்தைய முறை ஜனநாயகக் கட்சிக் காக்கஸுக்கு வந்தவர்கள் சுமார் 1,24,000 பேர். இம்முறை சுமார் 2,40,000 பேர். வாசலில் எடுத்த கணிப்பின்படி அவர்களில் 57 சதவீதத்தினர் முதல்முறை வந்தவர்கள். 30 வயதுக்கு உட்பட்டோர், 65 வயதைக் கடந்தோர் அளவுக்கு வந்திருந்தார்கள். அந்த இளைஞர்களில் பாதிக்கு மேல் ஒபாமா பக்கம். ஒபாமா வென்றார், கிளின்டன் மூன்றாம் இடத்துக்குப் போனார்.

கதவைத் தட்டுவதன் பலன்

இதற்குப் பத்தாண்டு முன்பே ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்திருந்தார்கள். ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் 1998இல் நியூ ஹேவன் நகரில் சுமார் 30,000 வாக்காளர்களைக் கொண்டு ஒரு களச் சோதனை நடத்தினார்கள். கட்சி சார்பில்லாமல், வாக்களியுங்கள் என்று மட்டும் சிலரிடம் நேரில் போய்ச் சொன்னார்கள். சிலருக்குக் கடிதம், சிலருக்குத் தொலைபேசி. நேரில் போனது வாக்குப்பதிவைக் கணிசமாகக் கூட்டியது. கடிதம் கொஞ்சம் உதவியது. கூலிக்கு ஆள் வைத்துச் செய்த தொலைபேசி அழைப்பால் பலனே இல்லை. ஒருமுறை வாக்களித்தவர் அடுத்த முறையும் வர வாய்ப்பு கூடுதல் என்பதும் பின்வந்த ஆய்வுகளில் தெரிந்தது.

சாண்டர்ஸும் விதிகளின் சுவரும்

2016இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற 74 வயது செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் இளைஞர்களின் நாயகனானார். அரசுக் கல்லூரிகளில் கட்டணமில்லாப் படிப்பு என்ற வாக்குறுதி, கல்விக் கடனில் மூழ்கிய தலைமுறைக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது. ஐயோவாவில் 30 வயதுக்கு உட்பட்டோரில் 84 சதவீதத்தினர் அவருக்கு ஆதரவு தந்ததாக நுழைவாயில் கணிப்பு சொன்னது. ஒரே கருத்தை நாற்பது ஆண்டுகளாக மாற்றாமல் சொல்லிவரும் மனிதர் என்ற நம்பிக்கை வயதை மறக்கடித்தது. ஆனால் 2020இல் அதே நம்பிக்கையில் மறுபடி இறங்கியவர், எதிர்பார்த்த அளவுக்கு இளைஞர்கள் வரவில்லை என்று தாமே வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அரங்கம் நிறைந்தால் வாக்குப்பெட்டியும் நிறையும் என்பதில்லை.

பல இடங்களில் தடையாக நிற்பது ஆர்வக் குறைவல்ல, விதி. நியூயார்க் மாநிலத்தில் அந்தந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே அதன் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்கலாம். 2016 ஏப்ரல் தேர்தலுக்கு, கட்சிப் பதிவை மாற்றக் கடைசி நாள் முந்தைய அக்டோபரிலேயே முடிந்திருந்தது. டொனால்ட் ட்ரம்பின் பிள்ளைகளான இவான்காவும் எரிக்கும் அந்த நாளைத் தவறவிட்டதால் சொந்தத் தந்தைக்கே வாக்களிக்க முடியவில்லை. ஒஹையோவில் 17 வயதினர் அதிபர் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்கக் கூடாது என்று மாநிலத் தேர்தல் அதிகாரி சொல்ல, விவகாரம் நீதிமன்றம் போனது. தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு மாணவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது.

நியூயார்க், 2025

விதிகளையே பிரசாரப் பொருளாக்கியவர் ஜோஹ்ரான் மம்தானி. குவீன்ஸ் பகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த இவர், 33 வயதில் நியூயார்க் நகர மேயர் பதவிக்கு ஜனநாயகக் கட்சி முதனிலைத் தேர்தலில் நின்றார். எதிரே முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ கோமோ. வீட்டு வாடகையை உறைய வைப்பேன் என்ற வாக்குறுதிக்காகப் புத்தாண்டு நாளில் கோட் சூட்டோடு கடல் குளிரில் குதித்து ஒரு காணொளி எடுத்தார். இந்தத் தேர்தலில் ஒரே வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதோடு முடியாது. ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம். புதிதாக வாக்களிப்பவருக்கு இது குழப்பம். மாம்பழ லஸ்ஸிக் கோப்பைகளை வைத்துக்கொண்டு, இந்தி–உருதுவில், பழைய பாலிவுட் துணுக்குகளோடு அதை விளக்கினார். சிரித்துவிட்டுப் பகிர்ந்தவர்கள், வாக்குச்சீட்டை நிரப்பும் முறையையும் கற்றுக்கொண்டார்கள்.

காணொளிகளே பேசப்பட்டாலும், அவற்றைப் பார்த்து வந்தவர்களைத் தொண்டர்களாக்கித் தெருவில் இறக்கியதில்தான் அவருடைய சாமர்த்தியம் இருந்தது. பல பத்தாயிரம் பேர் அடுக்குமாடிகளில் ஏறி இறங்கினார்கள். தெற்காசிய, முஸ்லிம் குடியிருப்புகளில், உள்ளூர்த் தேர்தலுக்கு யாரும் கூப்பிடாத டாக்சி ஓட்டுநர்களிடமும் கடைக்காரர்களிடமும் அவரவர் மொழியில் பேசினார்கள். பதிவுக்கான கடைசி நாளையொட்டிய இரு வாரங்களில் புதிய பதிவுகள் 2021ஐவிடப் பல மடங்கு கூடின. ஜூன் 24 அன்று கொளுத்தும் வெயிலில் நடந்த வாக்குப்பதிவின் முடிவில், இறுதிச் சுற்றில் மம்தானி 56 சதவீதம் பெற்றார். நவம்பர் பொதுத்தேர்தலில் சுயேச்சையாக நின்ற கோமோவை மீண்டும் வென்றார். அதில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். நியூயார்க் மேயர் தேர்தலில் 1969க்குப் பிறகு அந்த எண்ணிக்கை எட்டப்பட்டது அப்போதுதான்.