ஐஸ் ஆலையிலிருந்து செல் கிடங்குக்கு

1842இல் டியூடர் கம்பெனி திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்னும் பனிக்கட்டிக் கிடங்கைக் கட்டியபோது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. பாஸ்டனிலிருந்து வந்த கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, பனிக்கட்டிகள் மசூலாப் படகுகளில் அலை கடந்து கரை சேர்ந்தன. இயந்திரங்கள் உள்ளூரிலேயே ஐஸ் செய்யத் தொடங்கியதும் அவ்வணிகம் படுத்தது. இன்று இராயபுரத்தை அடுத்த காசிமேட்டுத் துறைமுகத்துக்கு ஐஸ் தரும் ஆலைகளில், அமோனியா ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சி உப்புநீர்த் தொட்டியைப் பூச்சியத்துக்குக் கீழே குளிர்விக்க, அதில் அமிழ்த்திய தகரப் பெட்டிகளில் நன்னீர் கட்டியாக இறுகுகிறது. நொறுக்கிய அந்த ஐஸில் மீன் குளிருமேயன்றி உறையாது. அதையே மெல்ல உறையவைத்து உருக்கினால் நீர் வடிந்து சதை தளர்ந்துவிடும். பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடுவதே காரணம்.

மருத்துவம் நெடுங்காலம் தடுக்கி நின்றதும் இப்படிகத்தில்தான். 1949இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கிளிசரால் சேர்த்துச் சேவலின் விந்தணுக்களை உறையவைத்து மீட்டனர். 1959இல் லவ்லாக்கும் பிஷப்பும் அதே காப்புப் பணிக்கு டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்னும் கரைப்பானை முன்வைத்தனர். இத்தகைய காப்புப் பொருளைச் சேர்த்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 பாகை வீதம் குளிர்வித்தால், செல்லுக்கு வெளியே உள்ள நீர் முதலில் உறைய, உள்நீர் மெல்ல வெளியேறிவிடுவதால் உள்ளே படிகம் உருவாவது தவிர்க்கப்படுகிறது. 1978இல் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் இதே கரைப்பானைக் கொண்டு உறைவித்த கருவிலிருந்து ஒரு குழந்தை பிறந்ததாக அறிவித்தபோது, அரசு அமைத்த குழு அதை நம்ப மறுத்தது. இந்திய அறிவியல் வரலாற்றில் ஆறாத வடுக்களுள் அது ஒன்று.

தமிழகத்தில் 1986இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இரத்தக் குருத்தணுக்களை நோயாளிக்குச் செலுத்தும் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கியது. 2000களில் சென்னையில் தொப்புள்கொடி இரத்த வங்கிகள் தோன்றி, அத்தகைய குருத்தணுக்களைத் திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 பாகைக் குளிரில் சேமிக்கலாயின.

காத்த பொருள்களே புதிய ஆபத்துகளையும் கொணர்ந்தன. டைமெத்தில் சல்ஃபாக்சைடு செல்களோடு நோயாளியின் உடலில் ஏறும்போது குமட்டலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் நேரலாம், மூச்சில் பூண்டு வாடை வீசும். அதனால் அதன் அளவைக் குறைப்பதும், செலுத்துமுன் செல்களைக் கழுவுவதும், டிரெஹலோஸ் என்னும் சர்க்கரையைத் துணை சேர்ப்பதும் ஆராயப்பட்டன. இலண்டனில் ஒரே நைட்ரஜன் தொட்டியில் கிடந்த பைகளிடையே ஹெபடைட்டிஸ் பி கிருமி பரவியது 1995இல் வெளியானபின், திரவத்தில் மூழ்கடிக்காமல் அதன் ஆவியில் வைக்கும் வழக்கம் வலுத்தது.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்கான கடலடிக் குழாயிலிருந்து, ஐஸ் ஆலைகளில் குளிரூட்டும் அதே அமோனியா கசிந்தபோது, நெடியே குப்பத்து மக்களை எழுப்பி வெளியேற்றியது. செல்களைக் காக்கும் நைட்ரஜனுக்கோ நெடி இல்லை. மூடிய அறையில் அது ஆக்சிஜனை ஒதுக்கிவிடுவதை மூக்கு அறியாதாகையால், செல் கிடங்குகளின் சுவரில் ஆக்சிஜன் அளவு குறைந்தால் ஒலிக்கும் கருவி பொருத்தப்படுகிறது.